ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வகுப்பறை விதிகளைச் செய்து பழக்குவது எப்படி?

செங்காந்தள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுடையது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, ஈராசிரியர் பள்ளி. ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகள் என்னிடம். நான்கும் ஐந்தும் தலைமையாசிரியரிடம். ஜூனில் பள்ளி திறந்ததும் ஒன்றாம் வகுப்புக்குப் புதுப் பிள்ளைகள் வருவார்கள். சிலர் அங்கன்வாடிக்குப் போய்ப் பழகியவர்கள், சிலர் அம்மா மடியிலிருந்து நேராக வருபவர்கள்.

என் வகுப்புச் சுவரில் ‘வகுப்பறை விதிகள்’ என்று ஒரு சார்ட் தொங்குகிறது. அழகாக எழுதி, ஓரத்தில் பூ வரைந்து வைத்தது. அதைப் படிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தப் பழக்கமெல்லாம் ஏற்கெனவே வந்துவிட்டது. பழக வேண்டிய பிள்ளைக்கு எழுத்தே தெரியாது. அதனால் வாயால் சொல்லித் தருகிறோம். “தண்ணீர் குடிக்கப் போகும்போது?” என்று கேட்டால், “வரிசையில் நிற்க வேண்டும்” என்று ராகம் போட்டுச் சொல்கிறார்கள். இடைவேளை மணி அடித்ததும் குழாயடியில் ஒருவர் மேல் ஒருவர் விழுகிறார்கள். ராகம் போட்டதும் உண்மை, விழுவதும் உண்மை. இரண்டும் அவர்கள் மனதில் ஒன்றோடு ஒன்று ஒட்டவே இல்லை.

‘எண்ணும் எழுத்தும்’ என்ற அரசுத் திட்டம் வந்த பிறகு பாடத்தைப் பாட்டு, கதை, பொம்மலாட்டம், செயல்பாடு என்று நடத்துகிறோம். விதிகளை மட்டும் ஏன் இன்னும் சொல்லிச் சொல்லியே தருகிறோம் என்று தோன்றுகிறது. குழாயடி, சாப்பாட்டுத் தட்டு, கழிப்பறைக்குப் போய்வருவது, ஒரு வகுப்பு படிக்கும்போது அடுத்த வகுப்பு சத்தம் போடாமல் இருப்பது, இந்த நான்கும்தான் எனக்குப் பெரிய பாடு. செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள்.

பழைய கரும்பலகை எழுதியது:

வணக்கம் டீச்சர். நான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து கற்கும் செயல்வழிக் கற்றல் முறை வந்த காலத்தில் வகுப்பில் இருந்தவன். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஆந்திரத்தில் ரிஷிவேலிப் பள்ளிக்காரர்கள் சுற்றியுள்ள சிற்றூர்களுக்காக உருவாக்கிய அட்டை முறையைப் பார்த்து, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அது தொடங்கியது. 2007-08இல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. பாடம் நடத்தும் முறையாக அதன் நிறை குறைகளைப் பற்றி விடிய விடியப் பேசலாம், அதை விடுவோம். விதி விஷயத்தில் அது எங்களுக்கு ஒன்றைக் காட்டியது.

பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பிள்ளை எழுந்து, அட்டைகளின் வரிசையைக் காட்டும் ‘ஏணிப்படி’ என்ற படத்தைப் பார்த்துத் தன் அடுத்த அட்டை எது என்று கண்டுபிடித்து, அதற்குரிய தட்டிலிருந்து எடுத்து, எந்தக் குழுவில் உட்கார வேண்டுமோ அங்கே போய் உட்காரும். வேலை முடிந்ததும் எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அடுத்து வரும் பிள்ளைக்கு அட்டை கிடைக்காது. “என் அட்டை எங்கே?” என்று அந்தப் பிள்ளையே வந்து கேட்கும். எடுத்ததை எடுத்த இடத்தில் வை என்று நான் தொண்டை வறளக் கத்தியது அதோடு குறைந்தது. கீழ்மட்டக் கரும்பலகையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் கோடு போட்டு இடம் ஒதுக்கியிருந்தோம். ‘என் இடத்தில் எழுதிட்டான் சார்’ என்ற புகாருக்குக் கோடே பதில் சொல்லிவிடும். வருகையையும் காலையில் வந்ததும் பிள்ளையே குறித்துக்கொள்ளும். அட்டை போய்விட்டாலும் இந்த ஏற்பாடுகளை இன்றைக்கும் வைத்துக்கொள்ளலாம். யாரும் தடுக்கப்போவதில்லை.

அதனால் என் முதல் யோசனை, விதியைச் சொல்லும் முன் இடத்தைப் பாருங்கள். எங்கே நிற்பது என்பது தரையில் தெரிகிறதா? தம்ளர் எங்கே இருக்கிறது? குடித்து முடித்தவர் எந்தப் பக்கம் விலகுவது? இது எதுவும் தெரியாத இடத்தில் ‘வரிசை’ என்ற சொல்லுக்குப் பிள்ளையிடம் பொருளே இல்லை.

இரண்டாவது, குழாயடி விதியைத் தாகம் இல்லாத நேரத்தில் கற்றுக் கொடுங்கள். நாம் எப்போதும் இடைவேளையில், பிள்ளைக்கு நாக்கு வறண்டிருக்கும்போது, முன்னால் பத்துப் பேர் நிற்கும்போதுதான் கற்றுத் தரப் பார்க்கிறோம். அந்த நேரத்தில் பெரியவர்களுக்கே ஒன்றும் ஏறாது. காலையில் வயிறு நிறைந்து, வெயில் ஏறாத நேரத்தில் ஐந்தாறு பிள்ளைகளை மட்டும் கூட்டிப் போங்கள். முதலில் நீங்கள் செய்து காட்டுங்கள், பேசாமல். கோட்டில் நிற்பது, முன்னால் இருப்பவர் விலகியதும் ஓரடி வைப்பது, தம்ளரைப் பிடிப்பது, குழாயை மூடுவது, இடப்பக்கம் விலகுவது. “நான் என்ன செய்தேன்?” என்று கேளுங்கள். அவர்கள் சொல்லட்டும். அப்புறம் ஒவ்வொருவராகச் செய்யட்டும், கடைசியில் ஐந்து பேரும் சேர்ந்து. மறுநாள் அடுத்த ஐந்து பேர்.

முதல் சில வாரம் மணி அடிக்கும்போது நீங்களே குழாயடியில் நில்லுங்கள். திட்ட வேண்டாம். முன்பு செய்த செயலை நினைவுபடுத்தினால் போதும்.

ஊஞ்சல் எழுதியது:

மாண்டிசோரிப் பயிற்சி முடித்து ஒரு சின்னப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். மேலே ஐயா சொன்ன ‘பேசாமல் செய்து காட்டுவது’ எங்கள் பயிற்சியில் முதல் பாடம். இந்த முறையை உருவாக்கிய இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். போர்க்காலத்தில் சில ஆண்டுகள் கொடைக்கானலிலும் இருந்தார். அந்த வகையில் இது நம் ஊரில் வேர் விட்டு எண்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பணக்காரப் பள்ளிகளின் சொத்து என்று ஒதுக்க வேண்டியதில்லை. 1907இல் அவர் முதல் பள்ளியைத் தொடங்கியதும் ரோம் நகரத்தில் ஏழைத் தொழிலாளர்களின் குடியிருப்பில்தான்.

நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கி வைப்பது, கதவைச் சாத்துவது, இருவர் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே வராமல் அருகில் நின்று காத்திருப்பது, மூக்குச் சிந்துவது என்று இவை ஒவ்வொன்றும் எங்களுக்குத் தனிப் பாடம். கணக்குப் பாடத்துக்குத் தரும் அதே மரியாதையோடு அதை நடத்துவோம். டீச்சரைக் கூப்பிட வேண்டும், ஆனால் டீச்சர் வேறு பிள்ளையோடு இருக்கிறார். என்ன செய்வது? எங்கள் வகுப்பில் பிள்ளை வந்து என் தோளில் கையை வைத்து நிற்கும். நான் அந்தக் கை மேல் என் கையை வைப்பேன். ‘நீ வந்தது தெரியும், இரு’ என்று அதற்குப் பொருள். இதைப் பழகிய பிறகு ‘மிஸ் மிஸ் மிஸ்’ என்ற இரைச்சல் பெருமளவு அடங்கிவிட்டது. மூன்று வகுப்பை ஒரே அறையில் வைத்திருக்கும் உங்களுக்கு இது மிகவும் உதவும்.

சத்தம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாண்டிசோரி ஒரு நாள் முற்றத்தில் ஒரு தாயிடமிருந்து நான்கு மாதக் குழந்தையை வாங்கிக்கொண்டு வகுப்புக்குள் போய், இந்தப் பாப்பா எவ்வளவு அசையாமல் இருக்கிறது பாருங்கள், நம்மால் இப்படி இருக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். பிள்ளைகள் மூச்சைக்கூட மெல்ல விட்டார்களாம். அதிலிருந்து உருவானது மௌன விளையாட்டு. எல்லோரும் கண்ணை மூடி அசையாமல் இருப்பார்கள். டீச்சர் அறைக்கு வெளியே போய் ஒவ்வொருவர் பெயரையும் ரகசியக் குரலில் கூப்பிடுவார். கூப்பிட்ட பிள்ளை சத்தமில்லாமல் எழுந்து வர வேண்டும். தன் பெயர் எப்போது வரும் என்ற ஆவலில் கடைசிப் பிள்ளைவரை அப்படியே இருக்கும். கவனியுங்கள், வாயைப் பொத்தச் சொன்னால் பிள்ளைக்கு அது தண்டனை. இங்கே அமைதியைத் தானே உண்டாக்குகிறது, அதில் அதற்குப் பெருமை. ஒரே எச்சரிக்கை, பிள்ளைகள் களைத்திருக்கும்போதும் கலாட்டாவை அடக்குவதற்காகவும் இதைச் செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் அதுவும் ‘கையைக் கட்டு, வாயைப் பொத்து’ ஆகிவிடும்.

மேட்டுப்பட்டி சார் எழுதியது:

ரோமுக்குப் போவதற்கு முன் நம் தெருவையும் ஒரு முறை பார்த்துவிடலாம் என்பது என் கட்சி. ஊஞ்சல் மேடம் கோபித்துக்கொள்ள வேண்டாம், மௌன விளையாட்டை நானும் செய்கிறேன்.

டீச்சர், பிள்ளைகள் உங்களிடம் வரும் முன்பே விதிகளோடு வாழ்ந்துதான் வருகிறார்கள். ‘ஒரு குடம் தண்ணி ஊத்தி ஒரு பூ பூத்தது’ விளையாடும் பிள்ளை, முன்னால் போகிறவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, வளைவுக்குள் குனிந்து, இழுக்காமல் தள்ளாமல் சுற்றி வருகிறது. வரிசை என்றால் இதுதானே? நான் ஒன்றாம் வகுப்பைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போகும்போது அந்தப் பாட்டோடுதான் போவேன். பத்துக் குடம் முடியும் இடத்தில் சமையல் கூடத்து வாசல் வர வேண்டும், அப்படி நடையை வைத்துக்கொள்வேன்.

கல்லா மண்ணாவில் பட்டவருக்குக் கல் என்றால் மற்றவர்களுக்கு மண். அவர் இடத்தில் கால் வைத்தால் பிடிபடலாம். எல்லை என்ற ஒன்று இருக்கிறது, அது கண்ணுக்குத் தெரியும், தாண்டினால் ஒரு விளைவு உண்டு, யாரும் அழ வேண்டியதில்லை. வகுப்புக்குள் பாயின் விளிம்பு, அலமாரிக்கு முன்னால் போட்ட கோடு, வாசற்படி எல்லாவற்றுக்கும் இதே தெளிவு போதும்.

குலைகுலையா முந்திரிக்கா எனக்கு வேறு விதத்தில் கைகொடுக்கிறது. வட்டமாக உட்கார்ந்து, துணியை யார் முதுகுக்குப் பின்னால் போடுவார்கள் என்று தெரியாமல், திரும்பாமல் இருக்க வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய தவம் என்று உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். அந்தப் பாட்டையே வகுப்பைக் கூட்டும் அழைப்பாகவும் வைத்திருக்கிறேன். நான் “குலைகுலையா முந்திரிக்கா” என்றால், பிள்ளைகள் “நரியே நரியே சுத்திவா” என்று பதில் பாடிக்கொண்டே கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு வட்டத்துக்கு வர வேண்டும். பாட்டு முடியும்போது எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். மேசையை ஸ்கேலால் தட்டுவது என்னிடம் இல்லை.

ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், ‘அவுட்’ வேண்டாம். பொறுத்திருக்கத் தெரியாத பிள்ளைதான் முதலில் அவுட் ஆகும். அவுட் ஆனால் ஓரமாக உட்காரும். அதாவது யாருக்குப் பயிற்சி அதிகம் தேவையோ அந்தப் பிள்ளை விளையாட்டில் குறைவாக இருக்கும். அமெரிக்காவில் ஒரிகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோமினி, மெக்லெலண்ட் என்ற இருவர் பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகளை வைத்து இப்படிப்பட்ட வட்ட விளையாட்டுகளை ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார்கள். ஒரு நிறம் காட்டினால் ஓடு, இன்னொரு நிறம் காட்டினால் நில், பிறகு நிறங்களின் பொருளைத் தலைகீழாக மாற்றிவிடுவது, இந்த மாதிரி. தொடக்கத்தில் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் திறன் குறைவாக இருந்த பிள்ளைகளுக்கு அதில் பலன் தெரிந்தது. அந்தப் பிள்ளைகளை வெளியே உட்கார வைத்தால் பலன் எங்கிருந்து வரும்? என் வகுப்பில் தவறினால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி சேர்ந்துகொள்ளலாம்.

நிலா அம்மா எழுதியது:

நான் ஆசிரியர் இல்லை, பெற்றோர். ஒரு தனியார் பள்ளியில் என் மகள் யூகேஜி படிக்கிறாள். பிள்ளைகள் வாயில் விரல் வைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத்தான் அங்கே சேர்த்தோம், ‘நல்ல டிசிப்ளின்’ என்று சொந்தக்காரர்களும் சொன்னார்கள்.

இப்போது வீட்டில் அவள் டீச்சர் விளையாட்டு விளையாடும்போது பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்து, ஸ்கேலைக் கையில் எடுத்து, “பேசக் கூடாது” என்று ஒவ்வொன்றாக அடிக்கிறாள். பொம்மை எதுவும் பேசவில்லை. எனக்கு மனசு கனத்துப் போகிறது. ஆனாலும் உண்மையிலேயே கேட்கிறேன், இவ்வளவு விளையாட்டும் பாட்டும் போனால் படிப்பு எப்போது? கண்டிப்பே இல்லாமல் முப்பது பிள்ளைகளை ஒருவர் மேய்க்க முடியுமா?

பழைய கரும்பலகை எழுதியது:

அம்மா, நீங்கள் கேட்டது நியாயம். இரண்டு விஷயத்தைப் பிரித்துச் சொல்கிறேன்.

அடிப்பதும் மனம் நோகப் பேசுவதும் சட்டப்படி கூடாது. 2009இல் வந்த இலவசக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இரண்டையும் தடை செய்கிறது, தனியார் பள்ளிகளுக்கும் சேர்த்து. முட்டி போட வைப்பதும் பெஞ்சின் மேல் ஏற்றுவதும் அதில் அடங்கும். லீடர் கரும்பலகையில் ‘பேசியவர்கள்’ என்று பெயர் எழுதுவதை நான் அதோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். ஏழு வயதுப் பிள்ளையின் கையில் சாக்பீஸைக் கொடுத்து நண்பனைக் காட்டிக்கொடுக்கச் சொல்கிறோம். யாருக்கு வேண்டாதவனோ அவன் பெயருக்குப் பக்கத்தில் ‘மிக அதிகம்’ என்று விழும். நாம் எல்லோருமே அந்தக் கரும்பலகையைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான்.

கண்டிப்பு வேறு. சொன்னது சொன்னபடி தினமும் நடக்கும் என்ற உறுதிதான் கண்டிப்பு. இன்றைக்குத் தட்டைக் கழுவி அடுக்கினால்தான் விளையாட்டு, நாளைக்கு டீச்சருக்கு வேலை இருப்பதால் பரவாயில்லை என்று இருந்தால் பிள்ளை குழம்பும். மென்மையான குரலில் முழுக் கண்டிப்போடு இருக்க முடியும். என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் அப்படி இருந்தார், அவர் குரல் அடுத்த வகுப்புக்குக் கேட்டதே இல்லை.

படிப்பு எப்போது என்றால், ஜூன் மாதத்தில் இதற்குச் செலவிடும் நேரம் ஜூலையிலிருந்து ஒவ்வொரு நாளும் திரும்பக் கிடைக்கும். சிலேட்டு எடுக்கவும் வட்டத்துக்கு வரவும் தினமும் வீணாகும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள்.

குறிஞ்சி எழுதியது:

ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்கு வகுப்பு எடுப்பவள் நான். ‘பிள்ளைகளே விதிகளை உருவாக்கட்டும்’ என்று இப்போது எல்லாப் பயிற்சியிலும் சொல்கிறோம். ஒன்றாம் வகுப்பில் அதை அப்படியே செய்ய முடியாது என்பது என் கருத்து.

குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே ஸ்விட்சர்லாந்தில் பிள்ளைகள் கோலி விளையாடுவதைக் கவனித்து, அவர்களிடம் விளையாட்டு விதிகள் எங்கிருந்து வந்தன, மாற்றலாமா என்று கேட்டார். அவர் கண்டது இது: சின்னப் பிள்ளைகள் விதி என்பது பெரியவர்களிடமிருந்து வந்தது, மாற்றவே கூடாது என்று அடித்துச் சொன்னார்கள். ஆனால் விளையாடும்போது ஆளுக்கொரு விதமாக ஆடினார்கள்! பத்து வயது தாண்டியவர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டால் மாற்றலாம் என்றார்கள், ஒப்புக்கொண்டதைப் பின்பற்றவும் செய்தார்கள். செங்காந்தள் டீச்சர் குழாயடியில் பார்த்தது இந்த முதல் கட்டத்தைத்தான்.

ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் “நமக்கு என்ன விதிகள் வேண்டும்?” என்று கேட்டால், அடிக்கக் கூடாது, ஓடக் கூடாது, பேசக் கூடாது என்று பெரியவர்களிடம் கேட்டதையே ஒப்பிப்பார்கள். மீறினால் என்ன செய்யலாம் என்றால் நாமே திடுக்கிடும்படி தண்டனை சொல்வார்கள். அதனால் பொதுவாகக் கேட்காமல் கண் முன்னால் நடந்த ஒரு சிக்கலைக் கொடுங்கள். “கலர் பென்சில் டப்பா ஒன்றுதான் இருக்கிறது, நேற்று இரண்டு பேர் இழுத்ததில் கொட்டிவிட்டது. என்ன செய்யலாம்?” இதைக் கைப்பொம்மையை வைத்துக் கேட்டால் இன்னும் நல்லது. வகுப்பில் பொம்மலாட்டத்துக்கென்று ஒதுக்கிய பொம்மலாட்டக் களம் உங்களிடம் இருக்கிறதே. முயலும் குரங்கும் டப்பாவுக்குச் சண்டை போடட்டும், பிள்ளைகள் முயலுக்கு யோசனை சொல்லட்டும். சொன்ன யோசனையை உடனே உண்மையான டப்பாவை வைத்துச் செய்து பாருங்கள். வேலை செய்யாவிட்டால் மறுநாள் வேறு யோசனை. அந்த ஒரு விதி மட்டும் அவர்கள் உருவாக்கியது. மற்றவை நாம் வைத்தவைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. சாலையைக் கடப்பது, கிணற்றுப் பக்கம் போகாமல் இருப்பது போன்றவற்றில் வாக்கெடுப்புக்கு இடமே கிடையாது.

தவறாகச் செய்து காட்டும் பங்கை எப்போதும் ஆசிரியரே எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையிடம் கொடுத்தால், எல்லோரும் சிரித்ததற்காகவே அது அந்தத் தவறைப் பிறகும் செய்யும்.

மேட்டுப்பட்டி சார் எழுதியது:

நட்சத்திர ஸ்டிக்கர் பற்றி யாரும் பேசவில்லையே. நான் குழுவுக்கு நட்சத்திரம் போடுகிறேன். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். 1969இலேயே அமெரிக்காவில் ஒரு நான்காம் வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்து, விதியை மீறும்போதெல்லாம் அந்த அணிக்கு ஒரு குறி போட்டு, குறி குறைந்த அணிக்குச் சலுகை கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கலாட்டா வெகுவாகக் குறைந்தது. ‘நன்னடத்தை விளையாட்டு’ என்று அது இன்றுவரை பல நாடுகளில் நடக்கிறது.

ஊஞ்சல் எழுதியது:

சார், மாண்டிசோரி பரிசும் வேண்டாம் தண்டனையும் வேண்டாம் என்றவர், அதனால் நான் எந்தப் பக்கம் என்று உங்களுக்குத் தெரியும். கலாட்டா குறையும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அணிக்குக் குறி விழும்போது ‘உன்னாலதான்டா’ என்று ஒரே பிள்ளையை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பிள்ளை பெரும்பாலும் அதே பிள்ளைதான். ஒன்பது வயதில் தாங்கிக்கொள்வதை ஐந்து வயதில் தாங்க முடியாது. இன்னொன்று, குழாயை மூடினால் நட்சத்திரம் என்றால் நட்சத்திரம் இல்லாத சனி, ஞாயிறில் வீட்டுக் குழாயை யார் மூடுவது?

மேட்டுப்பட்டி சார் எழுதியது:

அந்த ஒரே பிள்ளை பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஒன்றாம் வகுப்புக்கு அணிப் புள்ளி வேண்டாம். மூன்றாம் வகுப்புக்கு என் நட்சத்திரத்தை விட மாட்டேன், பிள்ளைகளே கேட்டு வாங்குகிறார்கள்.

கைத்துணை எழுதியது:

சிறப்புப் பயிற்றுநர். வாரத்தில் சில நாள் ஒவ்வொரு பள்ளியாகப் போகிறேன். மேலே எல்லோரும் சொன்ன ‘அந்தப் பிள்ளை’யைப் பற்றிக் கொஞ்சம்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கும் காது சரியாகக் கேட்காத பிள்ளைக்கும் பாட்டால் கூப்பிடுவது மட்டும் போதாது. படம் வேண்டும். குழாயடிக்குப் போய் வருவதை நான்கு படமாக வரைந்து சுவரில் பிள்ளையின் கண் உயரத்தில் ஒட்டுங்கள். அந்தப் பள்ளியின் குழாய், அந்தப் பிள்ளையின் தம்ளர் என்று போட்டோ எடுத்து ஒட்டினால் மிக நல்லது. எழுத்து தெரியாத மற்றப் பிள்ளைகளுக்கும் அதுவே பயன்படும். செங்காந்தள் டீச்சரின் சார்ட்டுக்குப் பதில் இதுதான் என்பேன்.

ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரம்தான் இவர்களுக்குக் கடினம். திடீரென்று ‘எல்லாம் எடுத்து வை’ என்றால் அழுகையோ ஓட்டமோ வரும். சிறிது நேரம் முன்பே அருகில் போய், அடுத்து வரப்போவதன் படத்தைக் காட்டிவிட வேண்டும். உட்காரவே முடியாத பிள்ளைக்கு எழுந்து நடக்க ஒரு வேலை கொடுங்கள், சிலேட்டு விநியோகிப்பது, ஜன்னல் திறப்பது மாதிரி. ‘எல்லோரும் அசையாமல் உட்கார வேண்டும்’ என்ற விதி அந்தப் பிள்ளைக்குப் பொருந்தாது. அது ஏன் என்று மற்றப் பிள்ளைகளிடம் நேராகச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். பெரியவர்கள்தான் ‘அவனுக்கு மட்டும் ஏன்’ என்பார்கள்.

செங்காந்தள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பள்ளி திறந்து சில வாரம் ஆயிற்று, நடந்ததை எழுதுகிறேன்.

ஐயா சொன்னபடி குழாயடியில்தான் தொடங்கினேன். தலைமையாசிரியர் சுண்ணாம்பில் பாதம் வரைந்து கொடுத்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதன் மேல் கால் வைத்து நிற்பதையே ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டார்கள். ஐந்தைந்து பேராகப் பழக்கியது நல்ல பலன் தந்தது. பழகிய ஐந்து பேர் அடுத்த ஐவருக்குச் செய்து காட்டினார்கள், என் வேலை பாதியானது. தோளில் கை வைத்துக் காத்திருக்கும் பழக்கம் எல்லாவற்றையும் விட சீக்கிரம் வந்துவிட்டது. நான் மூன்றாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போது தோளில் இரண்டு மூன்று குட்டிக் கைகள் இருக்கின்றன.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள்தான் எதிர்பாராத சிக்கல். சின்னவர்களுக்குச் சொல்லித் தரச் சொன்னதும் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்துகிறார்கள், “டீச்சர் கிட்டச் சொல்லிடுவேன்” என்று மிரட்டுகிறார்கள். அதனால் அவர்களுக்குத் தனியாக ஒரு பயிற்சி வைத்தேன், தொடாமல், பேசாமல், செய்து காட்டி மட்டும் சொல்லித் தருவது. பிறகு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஓர் அக்காவோ அண்ணனோ என்று சேர்த்துவிட்டேன். காலை உணவு நேரத்திலும் அந்த ஜோடி சேர்ந்தே உட்காருகிறது.

மௌன விளையாட்டு எங்கள் அறையில் சரிப்படவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஐந்தாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும். வேப்பமரத்தடிக்கு மாற்றினேன். கண்ணை மூடி என்னென்ன சத்தம் கேட்கிறது என்று கவனித்து, பிறகு சொல்வது. குக்கர் விசில், ஆடு, யாரோ துணி துவைப்பது என்று வரிசையாகச் சொல்கிறார்கள்.

கைப்பொம்மை முயலிடம் ஒரு பிள்ளை சொன்ன யோசனை, கலர் பென்சில்களைப் பிரித்துத் தேங்காய்ச் சிரட்டைகளில் வைத்துக் குழுவுக்கு ஒன்று கொடுப்பது. அப்படியே செய்துவிட்டோம். எனக்குத் தோன்றாத யோசனை.

தட்டு கழுவும் இடம் மட்டும் இன்னும் சரியாகவில்லை. படம் ஒட்டியாயிற்று, செய்து காட்டியாயிற்று. இருந்தும் சறுக்கி விழுவதும் அழுவதும் தினமும் நடக்கிறது.

பழைய கரும்பலகை எழுதியது:

டீச்சர், அந்த இடத்தில் எத்தனை குழாய்? தரை எந்தப் பக்கம் சாய்வு? தண்ணீர் தேங்குகிறதா?

செங்காந்தள் எழுதியது:

ஒரே குழாய்தான் ஐயா. தண்ணீர் பிள்ளைகள் நிற்கும் பக்கமே வருகிறது. பாசி பிடித்திருக்கிறது.

பழைய கரும்பலகை எழுதியது:

அப்படியானால் பிள்ளைகளை விட்டுவிடுங்கள், அவர்கள் சரியாகத்தான் இருக்கிறார்கள். ஒரே குழாயில் பள்ளி முழுக்கத் தட்டு கழுவினால் எந்த விதியும் நிற்காது. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இன்னும் இரண்டு குழாய், தரைச் சாய்வு, வடிகால் மூன்றையும் தீர்மானமாக எழுதி ஒன்றியத்துக்கு அனுப்புங்கள். கூட்டத்துக்கு வரும் பெற்றோரைச் சாப்பாட்டு நேரத்தில் வரச் சொல்லி அந்த இடத்தை நேரில் பார்க்க வையுங்கள். அதுவரை தட்டு கழுவுவதை வகுப்பு வாரியாகப் பிரித்துவிடுங்கள், ஒன்றாம் வகுப்பு முதலில். பாசியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்க ஆள் ஏற்பாடு செய்யுங்கள், பிள்ளைகளை அதற்கு விட வேண்டாம்.

நிலா அம்மா எழுதியது:

நான் என் மகளின் பள்ளி டீச்சரைப் பார்த்துப் பேசினேன். அந்த டீச்சரும் சின்னப் பெண்தான், நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு தவிக்கிறார். தோளில் கை வைக்கும் பழக்கத்தையும் குலைகுலையா முந்திரிக்கா அழைப்பையும் சொன்னேன், எழுதிக்கொண்டார். செங்காந்தள் டீச்சர், அந்தக் குழாயடிப் படங்களை இங்கே போட முடியுமா? அவருக்கு அனுப்பலாம்.

செங்காந்தள் எழுதியது:

கண்டிப்பாக. பிள்ளைகள் முகம் தெரியாமல் கை, கால், குழாய் மட்டும் வரும்படி திங்கட்கிழமை எடுத்துப் போடுகிறேன். மேலாண்மைக் குழுக் கூட்டம் இந்த வெள்ளிக்கிழமை. ஐயா, தீர்மானத்தை எழுதி முதலில் உங்களுக்குக் காட்டுகிறேன், ஒரு முறை பார்த்துச் சொல்லுங்கள்.